கிணற்றுக்கும் ஒரு ஹரீம் உண்டு

இரவு படுக்கப் போகுமுன் ‘தபாரக்கல்லதீ’ சூரா ஓதும் பழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. முப்பது ஆயத்துகள் கொண்ட அந்த முல்க் சூராவை அல்லாஹுத்தஆலா ஒரு கேள்வியோடு நிறைவு செய்கிறான். நமது தண்ணீர் பூமிக்குள் ஆழ இறங்கிப் போய்விட்டால் ஊறிவரும் நீரை நமக்குக் கொண்டுவரக் கூடியவர் யார் என்பதே அக்கேள்வியின் கருத்து. மழை நின்றுபோனால் என்றோ, ஆறு வற்றினால் என்றோ அங்கே கேட்கப்படவில்லை. தரைக்கு அடியில் இருக்கும் நீரைப் பற்றியே கேட்கப்படுகிறது. அன்றைய மக்கத்து மக்களுக்கு ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. ஸம்ஸம் கிணறும் மைமூன் கிணறுமே அவர்களுடைய குடிநீர் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் இந்த இடத்தில் குறிப்பிடுகிறார்கள். கிணற்றை நம்பி வாழ்ந்தவர்களிடம் கிணற்றைப் பற்றியே கேட்கப்பட்ட கேள்வி அது. குழாய்த் தண்ணீர் வந்துவிட்ட இக்காலத்திலும் நம்மில் மிகப் பலர் நிலத்தடி நீரைக் குடித்தே வாழ்கிறோம்.

கிணற்று நீரைப் பற்றிய மஸ்அலாக்களை நம்மவர்கள் கேட்காமல் இல்லை. எலி விழுந்து செத்தால் எத்தனை வாளி இறைக்க வேண்டும், பூனை விழுந்தால் எத்தனை என்று கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் எலிக்கு இருபது வாளி, பூனைக்கு நாற்பது, ஆடு போன்ற பெரிய பிராணிக்குக் கிணறு முழுவதையும் இறைக்க வேண்டும் என்று ஆரம்ப வகுப்பு மாணவரும் சொல்லிவிடுவார். ஷாஃபிஈ மத்ஹபில் இரு குல்லத்து, அதாவது ஏறத்தாழ இருநூறு லிட்டர் அளவுக்குக் குறையாத நீர், நிறமோ சுவையோ வாடையோ மாறாதவரை சுத்தமானதே. இவையெல்லாம் தெரிந்த வீடுகளில்கூட, கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே எத்தனை முழம் தூரம் வேண்டும் என்று கேட்பவரைக் காண்பது அரிதாக இருக்கிறது. எலி எப்போதோ ஒரு நாள் விழுகிறது. குழியோ இரவும் பகலும் கசிகிறது. நம் ஃபுகஹாக்கள் இதைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சின் நுட்பம் விளங்க வேண்டுமானால், பூமிக்குள் நீர் எப்படிச் சேர்கிறது, எப்படி நடக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நீர் தங்கும் இடம்

பூமிக்கு அடியில் பெரிய ஆறு ஓடுகிறது, கிணறு தோண்டினால் அந்த ஆற்றின் ஒரு கண் திறந்து கொள்கிறது என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். சுண்ணாம்புக்கல் நிறைந்த சில இடங்களில் அப்படிக் குகைகளில் நீர் ஓடுவதுண்டு. மற்றபடி பெரும்பாலான இடங்களில் நிலத்தடி நீர் என்பது மணலின் இடுக்குகளிலும் பாறையின் வெடிப்புகளிலும் நிறைந்து நிற்கும் நீரேயாகும்.

ஒரு பானை நிறைய ஆற்று மணலைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்த பானைக்குள்ளும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இடம் பிடித்துக்கொள்ளும். பானையின் அடியில் ஒரு துளையிட்டால் அதில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். களிமண்ணை வைத்து இதையே செய்தால், அது தண்ணீரைக் குடித்துக்கொள்ளுமே தவிர எளிதில் திருப்பித் தராது. களிமண் ஈரமாக இருந்தும் அங்கே கிணறு ஊறாததற்குக் காரணம் இதுதான்.

மழை பெய்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. ஒரு பகுதியைச் செடி கொடிகள் உறிஞ்சிக் கொள்கின்றன. ஒரு பகுதி ஓடிக் கடலில் கலக்கிறது. எஞ்சிய ஒரு சிறு பங்கே மண்ணுக்குள் இறங்குகிறது. மேல் மண்ணில் இடுக்குகளில் காற்றும் ஈரமும் கலந்திருக்கும். இன்னும் கீழே போனால் எல்லா இடுக்குகளும் நீரால் நிறைந்த இடம் வரும். அந்த நிறைவின் மேல் எல்லையைத்தான் நீர்மட்டம் என்கிறோம். கிணற்றில் எட்டிப் பார்க்கும்போது தெரிவது அந்த மட்டமே. முஃமினூன் சூராவின் பதினெட்டாம் ஆயத்து, வானிலிருந்து ஓர் அளவோடு நீர் இறக்கப்பட்டுப் பூமியில் தங்க வைக்கப்படுவதைக் கூறி, அதைப் போக்கிவிடும் ஆற்றலும் அல்லாஹ்வுக்கு உண்டு என்று நினைவூட்டுகிறது. ஸுமர் சூராவின் இருபத்தொன்றாம் ஆயத்து அந்நீர் ஊற்றுகளாக நடத்தப்படுவதைச் சொல்கிறது. கடல்நீரே பூமிக்குள் புகுந்து, உப்பு நீங்கி ஊற்றாக வருகிறது என்று ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் நம்பி வந்தார்கள். 1674-ஆம் ஆண்டில் பியேர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் ஸேன் நதியின் தலைப்பகுதியில் மழையையும் ஆற்றின் ஓட்டத்தையும் கணக்கிட்டு, ஓடும் நீரைப் போல ஆறு மடங்கு மழை பெய்கிறது, ஆகவே மழையே போதுமானது என்று காட்டினார்.

அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்பாக, கி.பி. 1017 வாக்கில், கணிதமேதை அபூபக்ர் அல்கரஜீ அரபியில் ‘மறைந்த நீரை வெளிக்கொணர்தல்’ என்ற பொருளில் பெயரிட்டு ஒரு நூல் எழுதினார். பூமிக்குள் நீர் இருக்கும் நிலை, அதைக் கண்டறியும் குறிகள், கனாத்து என்னும் சுரங்க வாய்க்கால்களை மட்டம் பார்த்து வெட்டும் முறை ஆகியவற்றோடு, கிணறு, கனாத்துகளின் ஹரீமைப் பற்றியும் அதில் பேசுகிறார். கிணறு தோண்டும் கலையும் ஃபிக்ஹும் ஒரே நூலில் அடுத்தடுத்து வருவது இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். அவர் காலத்தில் அது இயல்பு.

நீர் நடக்கும் விதம்

நிலத்தடி நீர் நிற்பதாகத் தோன்றினாலும் நடந்துகொண்டே இருக்கிறது. நீர்மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கம் நோக்கி அது போகும். மணலில் ஒரு நாளைக்குச் சில அங்குலமோ சில அடியோ நகரும். வெடிப்புள்ள பாறையில் இந்தக் கணக்கு செல்லாது. வெடிப்பு நேராக அமைந்துவிட்டால் ஓரிடத்து நீர் வெகு விரைவில் வேறிடம் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இத்தகைய கடினப் பாறை என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஸம்ஸம் கிணறும் இந்த அமைப்புக்கு வெளியே இல்லை. இப்ராஹீம் பள்ளத்தாக்கில் சுமார் முப்பது மீட்டர் ஆழமுள்ள அக்கிணற்றின் மேற்பகுதி பள்ளத்தாக்கின் மணல் படிவிலும், கீழ்ப்பகுதி பாறையிலும் அமைந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் பெய்யும் மழையையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் கண்காணிப்பதற்கென்றே சவூதி அரசின் நிலவியல் துறையில் ஓர் ஆய்வு மையம் இயங்குகிறது. இப்படிச் சொன்னால் ஸம்ஸமின் பரக்கத்தைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். பாலைவனத்தில் ஒரு தாயும் பச்சிளம் குழந்தையும் தவித்த இடத்தில் அந்நீரை வெளிப்படுத்தியவனே மணலையும் பாறை வெடிப்பையும் படைத்தவன். அந்நீரைக் குடித்துப் பரக்கத்தை நாடுகிறவர்களே அதன் சுற்றுப்புறத்தை இவ்வளவு கவனமாகக் காக்கிறார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. கிணற்றில் மோட்டார் வைத்து இறைக்கும்போது அந்தக் கிணற்றில் மட்டும் நீர் இறங்குவதில்லை. சுற்றியுள்ள நிலத்தின் நீர்மட்டத்திலும் புனலைப் போல ஒரு பள்ளம் விழுகிறது. எவ்வளவு அதிகமாக இறைக்கிறோமோ அவ்வளவு தூரம் அந்தப் புனல் அகலும். அண்டை வீட்டின் ஆழங்குறைந்த கிணறு அதற்குள் அகப்பட்டால் அது வற்றிப் போகும். நம் வீட்டுக் குழியின் கசிவு அந்தப் புனலுக்குள் அகப்பட்டால், அது நம் கிணற்றை நோக்கியே திரும்பும். ஆக, ‘என் நிலம், என் கிணறு, என் தண்ணீர்’ என்ற பேச்சில் முதல் இரண்டும் சரி; மூன்றாவதில்தான் ஐயம். இன்று நம் கிணற்றில் ஊறும் நீர் சில காலத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்கு அடியில் இருந்தது. ஹனஃபி மத்ஹபில், கிணற்றில் இருக்கும் நீர் இறைத்துப் பாத்திரத்தில் எடுக்கும்வரை எவருக்கும் உடைமையாவதில்லை. கிணற்றுக்காரருக்கு முன்னுரிமை மட்டுமே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அவருக்கு உடைமை உண்டு என்பதே வலுவான கருத்து. ஆயினும் தம் தேவைக்கு மிஞ்சியதைத் தாகித்த பிராணிகளுக்குத் தடுக்கக் கூடாது.

ஃபுகஹாக்கள் வகுத்த எல்லை

ஹரீம் என்றால் பிறர் கை வைக்கலாகாது என்று காக்கப்பட்ட சுற்றெல்லை. தரிசு நிலத்தில் ஒருவர் கிணறு தோண்டினால் அதைச் சுற்றிலும் ஓர் எல்லைக்குள் வேறொருவர் தோண்டக் கூடாது. ஆடுமாடுகளுக்கு நீர் காட்டும் கிணற்றுக்கு நாற்பது முழம், ஊற்றுக்கு ஐந்நூறு முழம் என்பது ஹனஃபி மத்ஹபின் கணக்கு. பாசனக் கிணற்றுக்கு இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் இருவரும் அறுபது முழம் கூறியுள்ளார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் முழக் கணக்கு இல்லை, தேவையே அளவு. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ கனாத்துக் கிணறுகளுக்குச் சொல்லும் அளவுகோல் மிக நுட்பமானது. எந்தத் தூரத்துக்குள் தோண்டினால் முந்திய கிணற்றின் நீர் குறையுமோ, அல்லது அது இடிந்து விழும் என்ற அச்சம் ஏற்படுமோ, அந்தத் தூரம் அதன் ஹரீமாகும். புனல் போன்ற பள்ளம் என்று மேலே எழுதினோமே, அதையே இந்தச் சட்டம் வேறு சொல்லில் கணக்கில் எடுத்திருக்கிறது.

நியாயமாகப் பேசுவதானால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாற்புறமும் வீடுகளால் சூழப்பட்ட வீட்டுக்கு ஹரீம் கிடையாது, அவரவர் தம் மனையில் வழக்கப்படி நடந்துகொள்ளலாம் என்றும் அதே மின்ஹாஜில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, ‘என் மனையில் நான் எங்கே வேண்டுமானாலும் குழி வெட்டுவேன்’ என்பவர்கள், அடுத்து வருவதையும் படிக்க வேண்டும். வழக்கத்தை மீறினால் நேர்ந்த சேதத்துக்கு அவரே பொறுப்பாளி.

கழிவுக்குழியின் தூரத்தைப் பற்றி ஹனஃபி கிதாபுகளில் ஐந்து முழம் என்றும் ஏழு முழம் என்றும் ரிவாயத்துகள் உண்டு. ஆனால் முடிவான கருத்து முழக்கணக்கு அன்று. நீரில் சுவையோ நிறமோ வாடையோ மாறுகிறதா என்பதே கவனிக்கப்படும். மண்ணின் இளக்கத்தையும் இறுக்கத்தையும் பொறுத்துத் தூரம் மாறும் என்று அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் ‘ரத்துல் முஹ்தார்’ வரை இது விவாதிக்கப்பட்டிருக்கிறது. துருக்கி உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை ஹனஃபி ஃபிக்ஹின் அடிப்படையில் தொகுத்த ‘மஜல்லா’ சட்ட நூலோ ஒரு படி மேலே சென்று, 1212-ஆவது பிரிவாகவே இதை வைத்திருக்கிறது. ஒருவருடைய கிணற்றுக்கு அருகில் மற்றவர் கழிவுக்குழியோ சாக்கடையோ அமைத்து நீரைக் கெடுத்தால் அந்தக் கேட்டை நீக்க வேண்டும். நீக்க இயலாது போனால் குழி மூடப்பட வேண்டும்.

இன்றைய இந்தியத் தர நிர்ணயத்தின்படி, செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் விடும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றுக்குப் பதினெட்டு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. ஒரு முழம் ஒன்றரை அடி என்று கொண்டால் நாற்பது முழமும் ஏறத்தாழ இதே அறுபது அடிதான். இதைக் கண்டவுடன், விஞ்ஞானம் இன்று சொன்னதை நாம் அன்றே சொன்னோம் என்று மேடையில் முழங்கத் தோன்றும். வேண்டாம். அந்த நாற்பது முழம் கிருமிக்காகச் சொல்லப்பட்டதல்ல. கால்நடைகள் வந்து நின்று நீர் பருகவும், கிணற்றின் ஊற்றுக் குறையாதிருக்கவும் சொல்லப்பட்டது. அளவு ஒத்துப்போனது தற்செயல். மண்ணைப் பார்த்துத் தூரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்ற அவர்களின் பார்வையைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மணற்பாங்கில் பதினெட்டு மீட்டர் பெரும்பாலும் கிருமியை வடிகட்டிவிடும். பாறை வெடிப்புள்ள ஊரில் அதுவும் போதாமல் போகலாம்.

சுத்தமான நீரும் குடிக்கத்தக்க நீரும்

இங்கேதான் நம் வீடுகளில் பெரிய மயக்கம் இருக்கிறது. நிறம், சுவை, வாடை மூன்றும் மாறாத நீர் தாஹிர்; அதில் ஒளுவும் குளிப்பும் கூடும். ஆகவே அது குடிக்கவும் நல்லது என்று முடிவு செய்து விடுகிறோம். கடல் நீரை நினைத்துப் பாருங்கள். அது சுத்தமானது, சுத்தம் செய்வது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆயினும் அதைக் குடித்துத் தாகம் தீர்ப்பவர் எவருமில்லை. தஹாரத்தின் அளவுகோல் வேறு, உடல்நலத்தின் அளவுகோல் வேறு.

லண்டன் மாநகரில் 1854-ஆம் ஆண்டு பிராட் தெருவில் காலரா பரவி 616 பேர் மாண்டார்கள். டாக்டர் ஜான் ஸ்நோ வீடு வீடாக விசாரித்து, அந்தத் தெருவின் அடிபம்புக் கிணறே காரணம் என்று கண்டார். அந்நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருந்ததால், தொலைவில் குடியேறிவிட்ட ஒரு பெண்மணி தினமும் அதைத் தருவித்துக் குடித்து வந்தார், அவரும் இறந்தார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, ஒரு வீட்டின் கழிவுக்குழி கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைவான தூரத்தில், செங்கல் கட்டு சிதைந்து கசிந்துகொண்டிருந்தது. காலரா கண்ட குழந்தையின் துணிகளை அலசிய நீர் அந்தக் குழியில்தான் ஊற்றப்பட்டிருந்தது. சுவை, நிறம், வாடை மூன்றிலும் அந்நீர் தேறியிருக்கும்!

கிருமிக்காவது பரிகாரம் உண்டு. நன்றாகக் கொதிக்க வைத்தால் செத்துவிடும். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடலாம். நைட்ரேட் என்னும் உப்பு அப்படியல்ல. மலஜலக் கழிவிலிருந்தும் வயலுக்கு இடும் உரத்திலிருந்தும் உண்டாகும் அது மண்ணில் வடிகட்டப்படாமல் நீரோடு இறங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது நெடுநாளைய தொல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது நம் நாட்டின் அளவு. மிகுதியான நைட்ரேட், சில மாதக் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யும். கொதிக்க வைத்தால் நீர் சுண்டி, உப்பின் செறிவு கூடுமே தவிரக் குறையாது. புட்டிப்பால் கரைக்கும் தாய்மார்கள், கழிவுக்குழிக்கு அருகிலுள்ள கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பயன்படுத்த வேண்டாம். குடிநீர் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் சோதித்துத் தருகிறார்கள்.

நீர்த்துறையிலும் மக்கள் நடக்கும் பாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயலாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆற்றங்கரையில் அதைச் செய்பவனைக் கண்டால் அருவருக்கிறோம். அடியில் சிமெண்டு பூசாத குழிக்கு ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் சூட்டிவிட்டு, பத்தடி தள்ளி அண்டைவீட்டார் கிணற்றில் அதைக் கலக்க விடுகிறவர் வேறென்ன செய்கிறார்?

தொழில் நடத்துவோருக்கும் இது பொருந்தும். தோல் பதனிடுவது ஹலாலான தொழில். கிதாபுகளில் அதற்கென்று பாடமே உண்டு. நம் சமுதாயத்தவர் பலருக்குச் சோறு போட்டதும் அதுதான். ஆனால் வேலூர் வட்டாரத்தில் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் தோல் கழிவால் கெட்டதை 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் விரிவாக எழுதியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற விதியையும் அங்கே நிலைநாட்டியது. நம் ஃபிக்ஹுக்கு இது புதிய விதியன்று. மஜல்லாவின் 1212-ஐ மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறவர்கள் தொழிற்சாலை வாசலிலும் சொல்லியிருக்க வேண்டும்.

கடலோர ஊர்கள்

கடற்கரையை ஒட்டியே நம் ஊர்கள் பல அமைந்திருப்பதால் இதையும் எழுதுகிறோம். அங்கே மழையால் சேர்ந்த நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் சற்றே கனமானது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும். கணக்கை மறுபக்கம் திருப்புங்கள். இறைத்து இறைத்து மேலே ஓரடி குறைத்தால், கீழே நாற்பதடி உப்புநீர் ஏறிவர வழி செய்கிறோம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது 1960-களின் கடைசியிலேயே தெரிய வந்தது. அப்படிப் புகுந்த உப்பு ஓரிரு மழையில் போய்விடாது. இனிப்பான தண்ணீர் தேடி போர் குழாயை மேலும் ஆழத்தில் இறக்குவது கடலோரத்தில் அறியாமை. ஆழத்தில் இருப்பது உப்பு.

பழைய கிணறுகள்

குழாய்நீர் வந்தபின் பயனற்றுப் போன கிணற்றைக் குப்பைக்கும், சில வீடுகளில் கக்கூஸ் குழிக்கும் பயன்படுத்துகிறார்கள். இதைவிடக் கேடான செயல் இல்லை. வடிகட்டும் மேல்மண்ணைத் தாண்டி, கழிவை நேராக நீர்மட்டத்திலேயே சேர்ப்பதாகும் இது. அந்தக் கிணற்றை மழைநீரைப் பூமிக்குள் அனுப்பும் வழியாக மாற்றலாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்புச் சட்டப்படி கட்டாயம், பள்ளிவாசலும் கட்டடம்தான். இரண்டாயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஈஸாலே ஸவாபுக்காகப் போர் போட்டுக் கொடுக்க முன்வரும் செல்வர்களிடம், அந்தப் போருக்கு நீர் ஊட்டும் இந்த வேலையையும் முத்தவல்லிகள் எடுத்துச் சொல்ல வேண்டும். சதக்கா ஜாரியா என்பது ஓடிக்கொண்டே இருக்கும் தர்மம். இரண்டே ஆண்டில் வற்றிப்போகும் போர் எங்கே ஓடப் போகிறது?

மாடியில் காக்கையும் புறாவும் எச்சமிட்டிருக்க, அந்த மழைநீர் சுத்தமா என்று சிலர் கேட்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது குழாய் வழியே ஓடிவரும் நீர் ஹனஃபி மத்ஹபில் ஓடும் நீரின் சட்டத்தில் அடங்கும். மூன்று தன்மைகளில் ஒன்றும் மாறாதவரை அது சுத்தமே. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோருக்கு, இரு குல்லத்துக்கு மேல் நீருள்ள கிணற்றில் அது கலக்கும்போது, தன்மை மாறாதவரை ஐயமில்லை. ஆயினும் பருவத்தின் முதல் மழையை மாடியைக் கழுவ விட்டு வெளியே திருப்பிவிட வேண்டும். அடுத்த மழையை, மேலே மணல், நடுவே சிறு ஜல்லி, அடியில் பெருஜல்லி பரப்பிய தொட்டியின் வழியாக இறக்க வேண்டும். தொட்டியின் மேல் மணலை ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே மாற்றிவிடுவது நல்லது.